பழைய கிராமபோன், வால்வு ரேடியோ பெட்டிகளின் பூச்சைச் சுரண்டாமல் மீட்க முடியுமா?

கேள்வி: குடியாத்தம் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்விக வீட்டைப் பழுதுபார்க்கும்போது பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினோம். ஒன்று எச்.எம்.வி. மேசைக் கிராமபோன், மூடியின் உட்புறத்தில் நாய்ப் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது. மற்றொன்று மர்ஃபி வால்வு ரேடியோ. கிராமபோனின் மேல்மூடியில் பூச்சு சிறு சிறு கட்டங்களாக வெடித்துக் கறுத்துப்போய், தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது. ரேடியோவின் மேல் டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள் உள்ளன. மூலைகளில் பூச்சு உதிர்ந்து வெளிறிய மரம் தெரிகிறது.

எங்கள் ஊர் ஆசாரி இரண்டையும் மெஷினால் தேய்த்து மெலமைன் பாலிஷ் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார். உறவினர் ஒருவரோ தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும் என்கிறார். பழமையின் முகம் மாறாமல் இவற்றைச் சீர்செய்ய வழி உண்டா?

பதில் 1: சத்துவாச்சாரி மரப்பட்டறை

ஐயா, தயவுசெய்து மெஷினை அருகில் கொண்டுபோக விடாதீர்கள். ரேடியோ பெட்டியின் வெளிப்புறம் முழு மரம் அன்று, பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மர ஏடு. பெரும்பாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூலையில் மெஷின் ஒரு நொடி கூடுதலாக நின்றால் வெனீர் போய் அடிப்பலகை தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த பாலிஷாலும் அதை மறைக்க முடியாது.

எதையும் தொடங்குமுன் பூச்சு எந்த வகை என்று அறிய வேண்டும். முதலில் பெயின்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டால் கிடைக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்துப் பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து எடுங்கள். துணியில் காப்பி நிறத்தில் அழுக்கு வருவது நின்ற பிறகே பூச்சின் உண்மையான நிலை தெரியும். அதன்பின் பெட்டியின் பின்புறத்திலோ அடியிலோ கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் (பாலிஷ் வேலைக்கான ஆல்கஹால்) தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கு, அதாவது செல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், லாக்கர் பூச்சைக் கரைக்கும் என்.சி. தின்னருக்கு இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷாகவோ, பிற்காலத்தில் யாரோ அடித்த வேறு பூச்சாகவோ இருக்கலாம்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உலராத எண்ணெய். சில நாள் பளபளப்பாகத் தெரியும். பிறகு வெடிப்புகளில் இறங்கி, தூசியைப் பிடித்து, பின்னால் போடும் பூச்சையும் ஒட்டவிடாது.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் வாசகன்

நன்றி ஐயா. சொன்னபடியே பார்த்தேன். கிராமபோன் பூச்சு ஸ்பிரிட்டில் உடனே இளகியது. ரேடியோ ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னருக்கு இளகியது. அடுத்து என்ன செய்வது? ரேடியோவின் மூலைகளில் மரம் ஏன் இவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதும் புரியவில்லை.

பதில் 2: சத்துவாச்சாரி மரப்பட்டறை

கிராமபோனைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். அரக்கின் பெருமையே அது எத்தனை ஆண்டானாலும் ஸ்பிரிட்டில் மறுபடி கரையும் என்பதுதான். மூடியைக் கழற்றி மட்டமாகக் கிடத்துங்கள். மென்மையான அகலத் தூரிகையில் ஸ்பிரிட்டைத் தோய்த்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல், அழுத்தாமல் பூசிச் செல்லுங்கள். கட்டங்களின் விளிம்புகள் மழுங்கி, பூச்சு தானே பரவி வெடிப்புகளுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் திரும்பத் தேய்க்கும் ஆசை வரும். தேய்த்தால் இளகிய அரக்கு மேடும் பள்ளமுமாக இழுபட்டுவிடும். ஒரு நாள் விட்டு, வெடிப்பு மீதமிருந்தால் மறுபடி பூசுங்கள். ஆழமாக வெடித்த இடங்களுக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

தேய்ந்து மரம் தெரியும் முன்விளிம்புக்குப் புது அரக்கு வேண்டும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அரக்குச் செதில் என்ற அளவில் கண்ணாடிக் குடுவையில் ஊறவைத்து, கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா கூடாது, கரைசல் கறுத்துவிடும். கரைத்து ஆறு மாதத்துக்கு மேலானால் சரியாக இறுகாது என்பதால் தேவைக்கு மட்டும் கரையுங்கள். பஞ்சை மல்துணியில் பொட்டலமாகக் கட்டி, கரைசலை உள்ளே ஊற்றி, மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். பொட்டலம் ஒட்டி இழுத்தால் ஒரு துளி ஆளி விதை எண்ணெய் அடியில் தொட்டால் போதும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பெரும்பாலும் தண்ணீர் கலந்திருக்கும். அது பூச்சை வெளுக்கச் செய்யும்.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் ஸ்பிரிட் துணியிலேயே ஆவியாகிப் பொட்டலம் பாதி வழியில் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் படலத்துக்குள் புகுந்து பூச்சு பால்போல் வெளுக்கும். தையும் மாசியும், காலை வேளைகளில், இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக் கூடாது.

பதில் 3: வாலாஜா ரேடியோ நேயர்

ரேடியோ பற்றி நான் சொல்கிறேன். 1920களில் கார்களுக்குப் பெயர்பெற்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் மரச்சாமான் தொழிலுக்கும் ரேடியோ பெட்டிகளுக்கும் பரவியது. பல பெட்டிகளில் மரத்துக்குச் சாயமே ஏற்ற மாட்டார்கள். லாக்கரிலேயே பழுப்பு நிறத்தைக் கலந்து, மூலைகளிலும் விளிம்புகளிலும் இன்னும் அடர்த்தியாகத் தெளித்துவிடுவார்கள். நிறம் பூச்சில்தான் இருக்கிறது, மரத்தில் இல்லை. பூச்சு உதிர்ந்த இடம் வெளிறித் தெரிவது அதனால்தான். முழுவதையும் சுரண்டிவிட்டால் அந்தப் பெட்டியின் நிறத்தைத் திரும்ப வரவழைக்க ஸ்பிரே துப்பாக்கியும் கைதேர்ந்த ஆளும் வேண்டும்.

தின்னரால் இளக்குவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறமும் சேர்ந்து ஓடிவிடும். மூலைகளுக்கு மெல்லிய அரக்குக் கரைசலில் ஸ்பிரிட் சாயத்தைத் துளித்துளியாகக் கலந்து, நுனித் தூரிகையால் வெளிறிய இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். அரக்கு லாக்கரின் மேல் நன்றாகப் பிடிக்கும். நிறம் சரியில்லையென்றால், ஸ்பிரிட் பஞ்சால் மெல்லத் துடைத்து எடுத்துவிடலாம். பழைய பூச்சுக்குப் பெரிய சேதம் வராது. முதல் படலத்தை வேண்டிய நிறத்தைவிட வெளிறலாகவே வையுங்கள், ஏனெனில் அடுத்தடுத்த படலங்களில் அது தானே அடர்த்தியாகும். வெள்ளை வளையங்கள் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வேகமாக, மேலோட்டமாக வருடினால் பெரும்பாலும் மறையும்.

வேலைக்கு முன் ரேடியோவின் உட்பகுதியை வெளியே எடுத்துவிடுங்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. நிலையங்களின் பெயர் அச்சிட்ட டயல் கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைக்கவே வேண்டாம். ஈரத்துணி பட்டாலே எழுத்துகள் உரிந்துவருவதுண்டு.

பதில் 4: சத்துவாச்சாரி மரப்பட்டறை

வாலாஜா நண்பர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் மீதமிருக்கின்றன. நாய்ப் படம் மரத்தில் வரைந்ததன்று, ஒட்டுப்படம். அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஸ்பிரிட்டோ தின்னரோ வராமல் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதைத் தவிர வேறெதுவும் அதற்குத் தேவையில்லை. மேலும், கிராமபோனோடு நிமிடத்துக்கு 78 சுழற்சி இசைத்தட்டுகளும் கிடைத்திருந்தால் வேலை முடியும்வரை அவற்றை வேறு அறையில் வையுங்கள். அந்தத் தட்டுகளும் அரக்கு கலந்து செய்தவைதான். ஸ்பிரிட் தெறித்தால் பள்ளங்கள் கரைந்து பாட்டே போய்விடும்.