கலைச்சொல்: வரைகலை அட்டையின் நினைவகம் நிரம்பியபின் நடப்பதற்கு என்ன பெயர்?

காட்பாடியிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம்.

புதிய தலைமுறைக் குறைந்த விலை, நடுத்தர விலை வரைகலை அட்டைகளை ஒப்பிட்டுக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. மற்ற சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. ஒன்று மட்டும் இடிக்கிறது.

அட்டையில் உள்ள 8 ஜிபி நினைவகம் நிரம்பினாலும் விளையாட்டு நின்றுவிடுவதில்லை. இடம் கிடைக்காத தரவை விண்டோஸும் அட்டையின் டிரைவரும் சேர்ந்து கணினியின் ரேமுக்குத் தள்ளிவிடுகின்றன. தேவைப்படும்போதெல்லாம் அது, அட்டையை மதர்போர்டுடன் இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வந்து போகிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் புது இடத்துக்குள் நுழைந்தாலோ சட்டென்று திரும்பினாலோ காட்சி வெட்டி வெட்டி ஓடும். வாங்கியவர் பிராசசரைச் சந்தேகப்படுவார், பவர் சப்ளையை மாற்றுவார். நடப்பதற்கு ஒரு பெயர் இருந்தால் காரணமும் உடனே பிடிபடும்.

இந்தத் தலைமுறைக்கு இந்தச் சொல் கட்டாயம் வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வகையாக வந்துள்ளன. அறிமுக விலை முதலாவதற்கு 379, 429 டாலர்; இரண்டாவதற்கு 299, 349 டாலர். இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர்தான். பெட்டியின் மூலையில் உள்ள எண்ணைப் பார்க்காவிட்டால் எது கையில் வந்தது என்றே தெரியாது. என்விடியாவின் 5060, 5050 இரண்டிலும் 8 ஜிபி மட்டுமே. இன்டெல் ஆர்க் பி580 அறிமுக விலையான 249 டாலருக்கு 12 ஜிபி தந்தது.

'நினைவக வழிவு' சரிவருமா?

ஆம்பூரிலிருந்து

வணக்கம். 'வழிவு' வேண்டாம் என்பது என் கருத்து. நிரல் எழுதுகிறவர்கள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு (நிரலின் அடுக்கு நினைவகம் நிரம்பி வழிதல்) அதைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அங்கே வழிந்தால் நிரல் விழுந்துவிடும். இங்கே விழுவதில்லை, அதுதான் சிக்கலே. 'கசிவு' என்று யாரும் தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், நினைவகக் கசிவு வேறு நோய். எடுத்த இடத்தைத் திருப்பித் தராத நிரலுக்குத்தான் அந்தப் பெயர்.

'நினைவகப் பற்றாக்குறை' என்றும் யோசித்தேன், பொருந்தவில்லை. லினக்ஸில் என்விடியா அட்டையில் ஏஐ மொழி மாதிரி ஒன்றை ஓட்டி, இடம் போதாவிட்டால் குடா (அட்டையில் கணக்கீடு நடத்தும் என்விடியா மென்பொருள் தளம்) பிழை காட்டி நிற்கும். அது பற்றாக்குறை. அதே அட்டையை விண்டோஸில் போட்டால் பிழை வராது, ரேமுக்குப் போய்விடும், சொல் சொல்லாக வரவேண்டிய விடை எழுத்து எழுத்தாக ஊரும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் இதைத் தடுக்க ஒரு தேர்வே இருக்கிறது: 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' பகுதியில் 'குடா சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசி'. அதை 'ப்ரிஃபர் நோ சிஸ்மெம் ஃபால்பேக்' என்று வைத்தால் நிரம்பியதும் பிழை காட்டி நிற்கும். ஒன்று தடைபட்டால் மற்றது வருகிறது என்றால் இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி?

ராணிப்பேட்டையிலிருந்து

நம் பக்கத்தில் இதற்குச் சொல் இருக்கிறதே. மழைக்காலத்தில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் 'ஏரி கோடி போகுது' என்கிறோம். கரை உடையவில்லை, தண்ணீர் வீணாகவும் இல்லை. கோடி, அதாவது உபரிநீர் வெளியேறும் வாய், வழியாக இறங்கி அடுத்த ஏரிக்குப் போகிறது. இங்கே நடப்பதும் அதுவே. முதல் ஏரி அட்டையின் நினைவகம், அடுத்த ஏரி கணினியின் ரேம், நடுவில் ஓடும் கால்வாய் பிசிஐ எக்ஸ்பிரஸ்.

எவ்வளவு பாயும் என்பது அந்தக் கால்வாயைப் பொறுத்தது. சொல்லில் இது தெரியவேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். 5060 டிஐயின் சொந்த நினைவகம் நொடிக்கு 448 ஜிபி தரும். ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸில் தரவு ஓடும் தடங்கள் அட்டைக்கு 8தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 தலைமுறை மதர்போர்டில் அந்த 8 தடங்களில் நொடிக்குச் சுமார் 32 ஜிபி, 4.0 போர்டில் 16, 3.0 போர்டில் 8. அதாவது பழைய போர்டில் வேகம் 50 மடங்குக்கு மேல் விழுகிறது. 9060 எக்ஸ்டியின் நினைவகம் நொடிக்கு 320 ஜிபிதான். ஆனால் 16 தடங்கள் உள்ளதால் அதே 3.0 போர்டில் 16 ஜிபி கிடைக்கும். பழைய போர்டு வைத்திருப்பவர் 8 ஜிபி அட்டைதான் வாங்கமுடியும் என்றால் இது பெரிய வித்தியாசம். அவருக்கு நான் 9060 எக்ஸ்டியைத்தான் சொல்வேன்.

குடியாத்தத்திலிருந்து

உவமை அருமை. சொல்லில் தயக்கம் இருக்கிறது. "8 ஜிபி அட்டையில் 2 ஜிபி கோடி" என்று எழுதினால் படிப்பவர் எண்ணாகத்தான் வாசிப்பார். வட மாவட்டங்களைத் தாண்டினால் பொருளும் புரியாது.

ஒரு தகவல் பிழை பரவாமல் இருக்க இதையும் கையேட்டில் சேருங்கள். 16 ஜிபி வகை வேகமான நினைவகம் அல்ல. 5060 டிஐயில் 8 ஜிபி என்றால் 2 ஜிபி சில்லுகள் நான்கு, ஒவ்வொன்றும் 32 பிட், ஆக 128 பிட். 16 ஜிபி வகையில் எட்டுச் சில்லுகளை இணை இணையாக அதே 128 பிட்டில் பங்கிட்டுக் கோத்திருக்கிறார்கள். நொடிக்கு 448 ஜிபி என்பது இரண்டிலும் ஒன்றே. நிரம்பாத வரை இரண்டும் ஒரே ஃபிரேம் தரும்; நிரம்பியதும் வழி பிரியும். பி580 வேறு கட்டமைப்பு: ஆறு சில்லு, 192 பிட், நொடிக்கு 456 ஜிபி. ஆனால் ரீசைசபிள் பார் (அட்டையின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் அதைப் போடவே கூடாது, நினைவகம் காலியாக இருந்தாலும் திணறும்.

வேலூரிலிருந்து (சொந்த ஊர் அம்பாசமுத்திரம்)

தாமிரபரணிப் பக்கம் குளம் நிரம்பினால் 'மறுகால் பாயுது' என்போம். செய்தித்தாள்களிலும் அப்படியே வரும். கோடி என்ற எண் குழப்பம் இதில் இல்லை. 'மறு' என்பதால் வேறொரு கால் (வாய்க்கால்) வழியாகப் போகிறது என்பது சொல்லிலேயே நிற்கிறது; ராணிப்பேட்டை அன்பர் கேட்டது அதைத்தானே.

'நினைவக மறுகால்' என்பது பெயர். வினை, 'மறுகால் பாய்தல்'. எழுதிப் பார்க்கலாம்:

"நுண்படத் (டெக்ஸ்ச்சர்) தரத்தை ஒரு படி குறைத்ததும் மறுகால் நின்றது."
"ரே டிரேசிங் (ஒளி, நிழலை உண்மைபோல் கணக்கிடுதல்) போட்டால் 8 ஜிபி அட்டையில் மறுகால் பாயும்."
"ஃபிரேம் ஜெனரேஷனே (இடையில் கூடுதல் ஃபிரேம்களை அட்டையே உருவாக்கிச் சேர்த்தல்) கொஞ்சம் நினைவகம் கேட்கும், விளிம்பில் நிற்கும் அட்டையை அது மறுகாலுக்குத் தள்ளிவிடும்."

ஆம்பூர் அன்பர் காட்டிய என்விடியா தேர்வு 'மறுகால் தடை' ஆகிறது. பிழை காட்டி நிற்பதற்குப் 'பற்றாக்குறை' அப்படியே இருக்கட்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து

மறுகாலுக்கு என் முழு ஒப்புதல். பேச்சில் நாங்கள் கோடி என்றே சொல்லிக்கொள்கிறோம்.

காட்பாடியிலிருந்து

அனைவருக்கும் நன்றி. கையேட்டுக்கான வரைவு:

நினைவக மறுகால்: வரைகலை அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பியபின், மிஞ்சும் தரவு கணினியின் ரேமுக்குப் போய், பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் வழியாக வந்து செல்லும் நிலை. அடையாளம்: சராசரி ஃபிரேம் அதிகம் குறையாமல், இடையிடையே சில கணங்களில் மட்டும் ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று விழுதல். கண்டறிய: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு ஜிபியு; 'டெடிகேட்டட்' (அட்டையின் சொந்த நினைவகம்) எண் உச்சத்தில் நிற்க 'ஷேர்டு' (ரேமில் பகிர்வது) எண் ஏறுகிறதா என்று பார்க்கவும். நிறுத்த: முதலில் நுண்படத் தரம், பிறகு ரே டிரேசிங், பிறகு ஃபிரேம் ஜெனரேஷன். காட்சித் தெளிவை (ரெசல்யூஷன்) கடைசியில் தொடவும்.

ஆம்பூரிலிருந்து

ஒரு திருத்தம். 'ஷேர்டு' எண் எப்போதும் சுழியாக இருக்காது. அட்டையில் பாதி காலியாக இருந்தாலும் சில நூறு எம்பி அங்கே இருக்கும், அது இயல்பு. அதைப் பார்த்து நல்ல அட்டையைத் திருப்பிக் கொடுக்க மாணவர்கள் கடைக்கு ஓடக்கூடாது. "டெடிகேட்டட் நிரம்பாமல் ஷேர்டில் தெரிவது மறுகால் அல்ல" என்ற வரியை வரையறைக்குள்ளேயே சேருங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம். சில விளையாட்டுகள் மறுகாலைத் தவிர்க்கத் தாமாகவே நுண்படங்களை மங்கலாக்கிவிடும். அப்போது ஃபிரேம் விழாது, சுவர்களும் முகங்களும் களிமண் பூசியதுபோல் தெரியும். அடையாளப் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும்.