80 சீரிஸ் டொயோட்டா லேண்ட் க்ரூஸர்: 70 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டியரிங் உதறுது, முன்வீல் உள்பக்கம் கருப்பா வழியுது, உதவி பண்ணுங்க

மண்ரோடு:
வணக்கம் நண்பர்களே, என்கிட்ட 1994 மாடல் 80 சீரிஸ் இருக்கு, 4.2 லிட்டர் டர்போ இல்லாத டீசல், 3,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. பிரச்சனை முன்பக்கம்தான். 65, 70 வேகத்துல சின்ன பள்ளத்துல இறங்கி ஏறினா போதும், ஸ்டியரிங் இடம் வலமா உதற ஆரம்பிச்சுடுது, 40க்கு கொண்டு வந்தாதான் நிக்குது. வலது வீலுக்குப் பின்னாடி, ஆக்ஸில் முனையில இருக்குற உருண்டை மேல கருப்பா கூழ் மாதிரி வழியுது. ஆறு மாசம் முன்னாடிதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல நக்கிள் (முன்வீல் திரும்புற மூட்டு) பிரிச்சு சீல் மாத்தினாங்க. வீல் பேலன்ஸ், அலைன்மென்ட் ரெண்டும் பாத்தாச்சு. இந்த வண்டி அழியவே அழியாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்புறம் ஏன் இப்படி?

ஆறாம்கியர்:
ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்குற ஷாக் அப்சார்பர்) போயிருக்கும் ப்ரோ, புதுசு போடுங்க, எனக்கு அதுலதான் சரியாச்சு.

கிரீஸ்கை:
தம்பி, டேம்பர் மாத்தினா உதறல் அமுங்கும், காரணம் அப்படியேதான் இருக்கும், கொஞ்ச நாள்ல திரும்ப வரும். கருப்புக் கூழ்னு சொன்னீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. அந்த உருண்டைக்குள்ள மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ்) மட்டும்தான் இருக்கணும். ஆக்ஸில் உள்சீல் விட்டுட்டா டிஃப் ஆயில் (டிஃபரென்ஷியல் கியர்ல இருக்குற ஆயில்) உள்ள வந்து கிரீஸைக் கரைச்சு வெளிய தள்ளும். இன்னைக்கே டிஃப் ஆயில் லெவல் பாருங்க. ஆக்ஸில் ஹவுசிங் மேல இருக்குற ப்ரீதரையும் (உள்ள இருக்குற காத்து வெளிய போற சின்ன வழி) பாருங்க, அது மண் அடைச்சிருந்தா ஆயில் சூடாகி உள்ள அழுத்தம் ஏறி புது சீலைக்கூட தள்ளிடும்.

உதறலுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ப்ளே (லூசா ஆடுறது) இருந்தா ஒருத்தரை உள்ள உக்காந்து பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ப்ளே நின்னுட்டா வீல் பேரிங் லூஸு. பிரேக் மிதிச்சும் ஆடுச்சுன்னா நக்கிள் பேரிங். கூடவே பன்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) புஷ்ஷையும் டை ராட் (ரெண்டு முன்வீலையும் இணைச்சுத் திருப்புற கம்பி) எண்டையும் பாத்துடுங்க. அதுவரைக்கும் 50க்கு மேல போகாதீங்க, சொன்னா கேளுங்க.

மலையேறி:
அழியாதுங்கற பேச்சைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும், எனக்கு இந்த வண்டி மேல உயிரு. 1951ல இதோட முதல் வடிவம் ஃபூஜி மலையோட ஆறாவது நிலையம் வரைக்கும் ஏறுச்சு, அப்போ பேரு டொயோட்டா ஜீப் பிஜே. ஜீப்ங்கற பேரு இன்னொரு கம்பெனியோட டிரேட்மார்க்ங்கறதால 1954ல லேண்ட் க்ரூஸர்னு மாத்தினாங்க. 1960ல வந்த 40 சீரிஸ் 1984 வரைக்கும் ஓடுச்சு, அந்த வருஷமே வந்த 70 சீரிஸ் இன்னைக்கும் புதுசா தயாராகுது. இத்தனை வருஷத்துல முன்பக்கம் ரெண்டு வீலையும் இணைக்குற ஒரே துண்டு ஆக்ஸிலைத்தான் ரொம்ப காலம் விடாம வச்சிருந்தாங்க, 1998ல 100 சீரிஸ்லதான் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துச்சு, அப்பவும் கடினமான வேலைக்குன்னு வந்த 105 சீரிஸ்ல பழைய ஆக்ஸிலையே குடுத்தாங்க. ஏன்னா கைக்கருவிய வச்சே நடுவழியில பிரிச்சு சேத்துடலாம். சீலும் பேரிங்கும் தேயத்தான் செய்யும், மாத்தி மாத்தி ஓட்டணும்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க. மாத்தாம விட்டா எந்த வண்டியும் தாங்காது.

மண்ரோடு:
கிரீஸ்கை அண்ணே, நீங்க சொன்னபடியே பாத்தேன். பிரேக் மிதிச்சும் வலதுபக்கம் ஆடுது! டிஃப் ஆயில் விரல் விட்டா எட்டவே இல்ல, அவ்ளோ குறைஞ்சிருக்கு. ப்ரீதர் நல்லாத்தான் இருக்கு.

கிரீஸ்கை:
அப்போ நக்கிள் பிரிச்சே ஆகணும். மேலயும் கீழயும் இருக்குற ஷிம்மை (இடைவெளியைச் சரிபண்ற மெல்லிய தகடு) கலக்காம தனித்தனியா கட்டி வைங்க, எது எந்தப் பக்கம்னு எழுதிடுங்க. பேரிங் மாத்தும்போது ஹவுசிங்ல இருக்குற கப்பையும் (பேரிங் ரோலர் உருள்ற வெளி வளையம்) சேத்து மாத்துங்க, பழைய கப்ல புது பேரிங் போட்டா பிரயோஜனமே இல்ல. பூட்டினதும் ஸ்பிரிங் தராசை நக்கிள் ஆர்ம்ல (நக்கிளைத் திருப்புற கை) மாட்டி இழுத்துப் பாத்து, சர்வீஸ் மேனுவல்ல இருக்குற அளவுக்கு ஷிம் வச்சு டைட் பண்ணுங்க. கைக்கணக்கு வேண்டாம்.

மண்ரோடு:
பிரிச்சாச்சு அண்ணே. கீழ் கப்ல ரோலர் உக்காந்த இடமெல்லாம் வரிவரியா பள்ளம், நகத்தை வச்சு இழுத்தா தடக் தடக்னு தட்டுது. உள்சீல் கோணலா அடிச்சு இறக்கியிருக்காங்க, ஒருபக்கம் உதடு மடிஞ்சே கிடந்துச்சு. பழைய பேரிங்கையே துடைச்சுப் போட்டிருக்காங்க போல. ரெண்டு பக்கமும் பேரிங், சீல் எல்லாம் புதுசு போட்டு, தராசு வச்சு இழுத்துப் பாத்து பூட்டினோம், டிஃப் ஆயிலும் நிரப்பியாச்சு. நேத்து அதே பள்ளத்துல 80ல இறங்கினேன், ஸ்டியரிங் அசையவே இல்ல!

கிரீஸ்கை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. 1000 கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவை ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்க, நக்கிள் ஆர்ம் நட்டையும் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு டைட்டுன்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு செக் பண்ணிடுங்க.