டெஸ்க்டாப்புக்கு நம்பி வாங்கலாம்னு சொல்ற இன்டர்னல் ஹார்ட் டிஸ்க் எது? கொஞ்சம் அவசரம்

முகில்_82
வணக்கம், டெஸ்க்டாப்புக்கு உள்ள மாட்டுற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கணும், எந்த கம்பெனியை நம்பலாம்? இப்ப இருக்கிறது போற நிலைமைல இருக்கு, திடீர் திடீர்னு மை கம்ப்யூட்டர்லேருந்து காணாம போயிடுது, பெரிய ஃபைல் காப்பி போட்டா பாதில நின்னுடுது, ரீஸ்டார்ட் பண்ணா திரும்ப வந்துடுது. உள்ள முக்கியமான ஃபைல் நிறைய இருக்கு. இன்னைக்கே ஆர்டர் போடணும், தெரிஞ்சவங்க சட்டுனு ஒரு பேர் சொல்லுங்க ப்ளீஸ்.

செல்வா_கே
எத்தனை டிபி வேணும் ப்ரோ? எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க? விண்டோஸ் அதுலதான் இருக்கா இல்ல தனியா எஸ்எஸ்டி இருக்கா?

யாழினி_டெக்
இப்ப இருக்கிற டிஸ்க் என்ன மாடல், எவ்வளவு நாளா ஓடுது? கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டு ஸ்மார்ட் ரிப்போர்ட்டை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வெக்கிற கணக்கை, இங்க போடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, டிஸ்க்குலேருந்து டிக் டிக்னு சத்தம் வருதா? வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க, அந்த நிலைமைல ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் உள்ள இருக்கிற தட்டு கெட்டுப்போகலாம், அப்புறம் டேட்டா ரெக்கவரிக்கு கொடுத்தாலும் கிடைக்காது.

ராஜா_பிக்சல்
ஹார்ட் டிஸ்க்கே வேணாம் நண்பா, எஸ்எஸ்டி வாங்குங்க. சுத்துற பொருள் எதுவும் உள்ள இல்ல, கீழ விழுந்தாலும் கவலை இல்ல. இந்த காலத்துல யாரு ஹார்ட் டிஸ்க் வாங்குறா?

ஓல்டுசர்க்யூட்
தம்பி, "எந்த கம்பெனி"ன்னு கேட்கிறதே தப்பான கேள்வி. இதை இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்ல. இன்னைக்கு ஹார்ட் டிஸ்க் செய்யிறவங்க உலகத்துலயே மூணு பேர்தான், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி), தோஷிபா. சாம்சங்கோட டிஸ்க் பிரிவை 2011ல சீகேட் வாங்கிடுச்சு, ஹிட்டாச்சியோடது 2012ல டபிள்யூடி கைக்குப் போயிடுச்சு. மூணு பேர்கிட்டயும் நல்ல மாடலும் இருக்கு மட்டமான மாடலும் இருக்கு. பாக்க வேண்டியது மாடல் நம்பரை.

முதல்ல சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு பாரு. ரெண்டும் தட்டுல டேட்டா எழுதுற முறை. சிஎம்ஆர்ல எழுதுற வளையம், அதாவது ட்ராக், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா இருக்கும். எஸ்எம்ஆர்ல ட்ராக்கெல்லாம் ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறி இருக்கும், அதனால நடுவுல ஒரு இடத்துல மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து திரும்ப எழுதியாகணும். கொஞ்ச நேரம் கேஷ் பகுதில வாங்கி சமாளிக்கும், அது நிறைஞ்சதும் வேகம் படுத்துடும், சில நேரம் செகண்டுக்கு பத்து இருபது எம்பி கூட வராது. சும்மா சேத்து வெச்சு படிக்க மட்டும்னா ஓகே. அடிக்கடி எழுதி அழிக்கிறவனுக்கு ஆகாது. இது தெரியாம டிஸ்க் வாங்குறவனுக்கு நான் பேர் சொல்லி என்ன பிரயோஜனம்?

செல்வா_கே
விஷயம் சரிதான் சார், ஆனா அவர் டென்ஷன்ல கேட்கிறார், கொஞ்சம் நிதானமா சொல்லலாமே.

முகில்_82
சாரி, வெளிய இருந்தேன். 4 டிபி வேணும். போட்டோ, வீடியோ எடிட்டிங் ஃபைல் வைக்க. விண்டோஸ் தனியா எஸ்எஸ்டில இருக்கு. டிக் டிக் சத்தம் எதுவும் இல்ல. இதுக்கு முன்னாடி இருந்த டிஸ்க்கும் இதே மாதிரி காணாம போய் காணாம போய் வந்துச்சு, அதான் மாத்தி இதைப் போட்டேன், இப்ப இதுவும். அதான் இந்த தடவை நல்லதா வாங்கணும்னு பாக்குறேன். ரிப்போர்ட் நைட் எடுத்து போடுறேன். எஸ்எஸ்டில 4 டிபி எனக்கு கட்டுப்படியாகாது.

மணி_சாட்டா
அடுத்தடுத்து ரெண்டு டிஸ்க்கா? அப்ப சூடுதான் காரணம். கேபினட்ல டிஸ்க்குக்கு நேரா ஒரு ஃபேன் போடுங்க, எல்லாம் சரியாகிடும். நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன்.

யாழினி_டெக்
மணி அண்ணா, சூடு அவ்வளவு சுலபமா டிஸ்க்கைக் கொல்லாது. கூகுள்காரங்க 2007ல ஒரு லட்சத்துக்கு மேல டிஸ்க் வெச்சு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க, அதுல நாம நினைக்கிற அளவுக்கு சூட்டுக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியல, ரொம்ப அதிகமான சூட்டுலயும் வயசான டிஸ்க்குலயும்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. ஃபேன் போடுறது நல்லதுதான், ஆனா டிஸ்க் காணாம போய் ரீஸ்டார்ட்ல திரும்ப வர்றதுக்கு அது பதில் இல்ல.

முகில் அண்ணா, ரெண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி போச்சுன்னா ரெண்டுக்கும் பொதுவா இருந்தது என்னன்னு பாக்கணும். டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற அதே சாட்டா கேபிள், அதே பவர் கனெக்டர், அதே போர்ட்டா? எஸ்எம்பிஎஸ்லேருந்து, அதாவது கம்ப்யூட்டரோட பவர் பெட்டிலேருந்து, நேரா வர்ற சாட்டா பவரா, இல்ல பழைய நாலு முள் கனெக்டர்லேருந்து மாத்துற அடாப்டர் ஏதாவது நடுவுல இருக்கா? விண்டோஸ்ல இருக்கிற ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் லாக்ல பாருங்க. 7ன்னு எர்ரர் வந்திருந்தா பேட் பிளாக், அதாவது தட்டுல கெட்டுப்போன இடம், அது டிஸ்க்கோட பிரச்சனை. 129, 153ன்னு வந்திருந்தா டிஸ்க் பதில் சொல்லாம கன்ட்ரோலர் ரீசெட் பண்ணியிருக்கு, திரும்ப முயற்சி பண்ணியிருக்குன்னு அர்த்தம், அங்க கேபிளையும் பவரையும் சந்தேகப்படணும்.

தீபன்_ஜி
எது வாங்குனாலும் சீகேட் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அந்த 3 டிபி கதை எல்லாருக்கும் தெரியும்.

ஓல்டுசர்க்யூட்
ஆரம்பிச்சுட்டாங்க. அந்த 3 டிபி, எஸ்டி3000டிஎம்001, மோசமான மாடல்தான், நிறைய டிஸ்க் ஓட்டி எத்தனை போச்சுன்னு வெளியிடுற பேக்பிளேஸ் கம்பெனி கணக்குலயும் மோசமா வந்துச்சு, 2016ல அமெரிக்கால கேஸும் போட்டாங்க. ஆனா அதே சீகேட்டோட 4 டிபி அதே பேக்பிளேஸ்ல பரவால்லாம ஓடுச்சே, அதை ஏன் யாரும் சொல்றதில்ல? ஒரு மாடல் கெட்டா கம்பெனியே கெட்டதா?

தீபன்_ஜி
எனக்கு அனுபவம் இருக்கு சார், அதான் சொல்றேன். டபிள்யூடி வாங்குனா நிம்மதி.

ஓல்டுசர்க்யூட்
உன் ஒருத்தன் வீட்டு அனுபவம் புள்ளிவிவரம் ஆகாது. நிம்மதின்னு சொல்ற டபிள்யூடிதான் நாஸுக்குன்னே, அதாவது நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டிக்குன்னே, விக்கிற ரெட் வரிசைல 2 டிபிலேருந்து 6 டிபி வரைக்கும் சொல்லாம கொள்ளாம எஸ்எம்ஆர் கலந்து வித்து 2020ல மாட்டிக்கிச்சு. பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுற ரெய்டைத் திரும்பக் கட்டும்போது டிஸ்க் வெளிய தள்ளப்படுதுன்னு ஜனங்க கத்தின பிறகுதான் சிஎம்ஆருக்கு ரெட் பிளஸ்னு தனிப்பேர் வெச்சாங்க. எந்த கம்பெனியும் யோக்கியம் கிடையாது, அதான் மாடலைப் பாருன்னு தொண்டை கிழிய சொல்றேன்.

ராஜா_பிக்சல்
பெட்டில 10 லட்சம் மணி நேரம் எம்டிபிஎஃப்னு, அதாவது பழுதுக்குப் பழுது சராசரி இடைவெளின்னு, போட்டிருக்கிறதை எடுத்தா போதாதா? அது 114 வருஷம் ஆச்சே.

செல்வா_கே
அது ஒரு டிஸ்க்கோட ஆயுசு இல்ல ராஜா. நிறைய டிஸ்க் ஒண்ணா ஓடும்போது எத்தனை போகும்ங்கிற கணக்கு. 1000 டிஸ்க் ஒரு வருஷம் நிறுத்தாம ஓடுச்சுன்னா சுமார் 9 போகும்னுதான் அந்த 10 லட்சத்துக்கு அர்த்தம். அதுவும் காகிதக் கணக்கு, பேக்பிளேஸ்ல 2024 வருஷத்துக்கு எல்லா டிஸ்க்கும் சேர்த்து 1.57 சதவீதம் போச்சுன்னு போட்டிருந்தாங்க. நம்ம கைல இருக்கிற ஒரே ஒரு டிஸ்க் எந்தப் பக்கம் விழும்னு எந்த நம்பரும் சொல்லாது, அதனால எவ்வளவு நல்ல டிஸ்க் வாங்குனாலும் இன்னொரு காப்பி வேற இடத்துல இருக்கணும். முகில், உங்ககிட்ட பேக்கப் இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லவே இல்ல, எனக்கு அதான் பெரிய கவலையா இருக்கு.

தீபன்_ஜி
பேக்பிளேஸ் டேட்டா சென்டர், ராத்திரி பகலா ஓடும், நம்ம வீட்டு கம்ப்யூட்டரோட அதை ஒப்பிடவே கூடாது. தினமும் ஆன் ஆஃப் பண்ற டிஸ்க் வேற மாதிரி சாகும்.

ஓல்டுசர்க்யூட்
அதுக்காக உன் ஒரு டிஸ்க்கை வெச்சு ஒப்பிடலாமா?

யாழினி_டெக்
ரெண்டு பேரும் வேணும்னா தனி இழை ஆரம்பிச்சு பேசுங்களேன், அவர் டேட்டா இன்னும் அந்த டிஸ்க்குலதான் இருக்கு.

முகில்_82
ரிப்போர்ட் எடுத்துட்டேன். மேல "குட்"னு நீலக் கலர்ல காட்டுது. 05 எல்லாம் சைபர், சி5 சைபர், சி6 சைபர். சி7ல 2எஃப்1னு இருக்கு. 01லயும் 07லயும் என்னென்னமோ பெரிய நம்பர், அதைப் பாத்தா பயமா இருக்கு. மாடல் எஸ்டின்னு ஆரம்பிக்குது. ஈவன்ட் வியூவர்ல 129 வரிசையா இருக்கு, 7 இல்ல. பேக்கப் இல்ல. பவருக்கு நடுவுல ஒரு அடாப்டர் இருக்கு, கேபிள் முதல்லேருந்து அதேதான்.

யாழினி_டெக்
01, 07 பாத்து பயப்படாதீங்க, எஸ்டின்னு ஆரம்பிச்சா சீகேட், அவங்க அந்த ரெண்டுலயும் எர்ரர் எண்ணிக்கையையும் மொத்த வேலை எண்ணிக்கையையும் ஒரே நம்பர்ல அடைச்சு வெச்சிருப்பாங்க, நல்ல டிஸ்க்குலயும் பூதாகாரமாத்தான் தெரியும்.

முக்கியமானது சி7. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அந்த நம்பரை ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிப்படை எண்ணுல, காட்டும், 2எஃப்1ன்னா 753. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது சிதைஞ்சு போய் திரும்ப அனுப்பின தடவைகள் அது. தட்டு கெட்டிருந்தா கெட்ட இடங்களை எண்ணுற 05, சி5, சி6 ஏறியிருக்கணும், மூணும் சைபர். தட்டு சுத்தமா இருந்து வழில மட்டும் சிக்கல்னா எனக்கு முதல் சந்தேகம் கேபிள், ரெண்டாவது சந்தேகம் அந்த அடாப்டர். பவர் ஒரு நொடி விட்டுப்போனாலும் டிஸ்க் காணாம போகும். சி0ன்னு ஒரு வரி இருக்கும், பவர் திடீர்னு அறுந்து, தட்டைப் படிக்கிற ஹெட்டை அவசரமா ஒதுக்கின எண்ணிக்கை, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அது ஏறுதுன்னா பவர்தான்னு முடிவு பண்ணிடலாம்.

இப்ப பண்ண வேண்டியது, முதல்ல ரொம்ப முக்கியமான ஃபைலை மட்டும் சின்னச் சின்னதா வேற எதுலயாவது காப்பி எடுங்க. அப்புறம் க்ளிப் வெச்ச புது சாட்டா கேபிள் போட்டு, அடாப்டரைக் கழட்டிட்டு எஸ்எம்பிஎஸ்லேருந்து நேரா வர்ற சாட்டா பவர் கொடுங்க, மதர்போர்டுல வேற போர்ட்ல மாட்டுங்க. சி7 குறையவே குறையாது, அந்த நம்பர் அப்படியேதான் நிக்கும், அதுக்கு மேல ஏறுதான்னு மட்டும் பாருங்க. பழைய டிஸ்க்கை தூக்கிப் போட்டுட்டீங்களா? அதுவும் நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு.

மணி_சாட்டா
ஃபேனும் ஒண்ணு போட்டுடுங்க.

செல்வா_கே
யாழினி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஸ்மார்ட் சுத்தமா இருக்குன்னு முழுசா நம்பிடவும் கூடாது. அதே கூகுள் கட்டுரைல, செத்துப்போன டிஸ்க்குல பாதிக்கு மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் அளவுலயும் எந்த முன்னறிவிப்பும் இல்லன்னு இருந்துச்சு. ஏறியிருந்தா ஆபத்துன்னு எடுத்துக்கலாம், ஏறலன்னா பத்திரம்னு எடுத்துக்க முடியாது. அதனால கேபிள்ல சரியானாலும் புது டிஸ்க்கை வாங்கிடுங்க, ரெண்டாவது காப்பிக்கு.

ஓல்டுசர்க்யூட்
இப்பதான் விவரம் வந்திருக்கு. இதை முதல் பதிவுலயே போட்டிருந்தா இவ்வளவு பேர் இவ்வளவு எழுத வேண்டியதில்ல. சரி, 4 டிபின்னா குறிச்சுக்கோ. சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300, மூணும் சிஎம்ஆர். சீகேட் பாரகூடா எஸ்டி4000டிஎம்004 எஸ்எம்ஆர். டபிள்யூடி புளூல 4 டிபி மாடல் நம்பர் ஈஇசட்ஏஇசட்னு முடிஞ்சா எஸ்எம்ஆர், ஈஇசட்ஏஎக்ஸ்னு முடிஞ்சா சிஎம்ஆர். கடைசில ஒரு எழுத்துதான் வித்தியாசம், கண்ணை நல்லா திறந்து பாரு. வீடியோ ஃபைல் அடிக்கடி எழுதி அழிக்கிறதா இருந்தா சிஎம்ஆரைத் தவிர வேற எதையும் தொடாதே.

முகில்_82
நாஸ் டிஸ்க்கை சாதாரண கம்ப்யூட்டர்ல போடலாமா சார்?

ஓல்டுசர்க்யூட்
தாராளமா. ஒரே ஒரு வித்தியாசம், நாஸ் டிஸ்க் ஒரு செக்டார் படிக்க முடியலன்னா சுமார் 7 செகண்டுல கைவிட்டுடும், ரெய்டுல இன்னொரு டிஸ்க் இருக்குங்கிற நம்பிக்கைல. டெஸ்க்டாப் டிஸ்க் ரொம்ப நேரம் முட்டி மோதிப் பாக்கும். பேக்கப் வெச்சிருக்கிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. கொஞ்சம் சத்தம் கூட இருக்கலாம். போட்டதும் ஜிபிடில இனிஷியலைஸ் பண்ணு, பழைய பிரிப்பு முறையான எம்பிஆர்னா 2 டிபிக்கு மேல எடுக்காது. விண்டோஸ்ல 3.63 டிபின்னு காட்டும், குறையுதுன்னு திருப்பி அனுப்பிடாதே, கணக்கிடுற முறைதான் வேற.

தீபன்_ஜி
பாரகூடாவை வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அதைத்தான நானும் சொன்னேன்.

ஓல்டுசர்க்யூட்
அதே கம்பெனியோட அயர்ன்வுல்ஃபை வாங்கச் சொல்லியிருக்கேன், திரும்பப் படி.

நிலவன்_பி
இடைல வர்றேன், மன்னிக்கணும். சர்வர்ல போடுற சீகேட் எக்ஸோஸ் மாதிரி டிஸ்க் மலிவா கிடைக்குதுன்னு போறவங்க ஜாக்கிரதை. 2025 ஆரம்பத்துல, ஓடிக் களைச்ச டிஸ்க்கோட ஸ்மார்ட் கவுன்ட்டரை சைபராக்கி புதுசுன்னு வித்தது ஐரோப்பாவுல பெரிய செய்தி ஆச்சு. சீகேட் டிஸ்க்குல ஃபார்ம்னு தனியா ஒரு லாக் இருக்கு, ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கிற சாஃப்ட்வேரோட புது வெர்ஷன்ல அதைப் படிக்கலாம், அங்க இருக்கிற மணி நேரமும் ஸ்மார்ட்ல இருக்கிற மணி நேரமும் ஒத்துப் போகுதான்னு பாத்துடுங்க.

யாழினி_டெக்
முகில் அண்ணா, கேபிள் மாத்தினீங்களா? என்ன ஆச்சு?

செல்வா_கே
ஆள் காணோம். டேட்டா பத்திரமா இருந்தா சரி.

முகில்_82
கேபிள் மாத்தி அடாப்டரை எடுத்துட்டேன். அந்த அடாப்டர்ல ஒரு முள் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி இருந்துச்சு. ராத்திரி பூரா காப்பி ஓடுச்சு, நிக்கவே இல்ல, சி7 அதே 2எஃப்1. ரெட் பிளஸ் 4 டிபி ஆர்டர் போட்டிருக்கேன், பேக்கப்புக்கு. பழைய டிஸ்க் அலமாரில இருக்கு, அதையும் மாட்டிப் பாக்கணும். எல்லாருக்கும் நன்றி.

யாழினி_டெக்
ரொம்ப சந்தோஷம் அண்ணா. பழுப்பாகி இருந்தா அந்த அடாப்டரைத் திரும்ப எதுலயும் மாட்டிடாதீங்க, பிளாஸ்டிக்கை ஒரே கட்டியா வார்த்து மோல்டு பண்ணின வகை உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிச்ச சம்பவம் உண்டு. புது டிஸ்க் வந்ததும் குயிக் ஃபார்மேட் வேணாம், முழு ஃபார்மேட் ஓட விடுங்க, 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், முடிஞ்சதும் 05, சி5, சி6 மூணும் சைபரான்னு பாத்துட்டு அப்புறமா ஃபைலைப் போடுங்க. ஒண்ணு ஏறியிருந்தாலும் திருப்பி அனுப்புற கெடு முடியறதுக்குள்ள மாத்திடுங்க.