வேலை நேரத்தில் மிஸ் ஆகும் கஸ்டமர் கால்: தானாகப் பதில் போக வழி உண்டா?

கேள்வி: பிளம்பிங் வேலை. கை ஈரமா இருக்கும்போது வர்ற கால் எல்லாம் போகுது. திரும்பக் கூப்பிட்டா வேற ஆளைப் பிடிச்சிடறாங்க. ஆள் வைக்காம வழி இருக்கா?

பதில் 1: ஆண்ட்ராய்டுன்னா மேக்ரோடிராய்டு ஆப் போடுங்க. மிஸ்டு கால் வந்தா எஸ்எம்எஸ் போகணும்னு ஒரு மேக்ரோ (தானா நடக்கிற கட்டளை). "வேலையில் இருக்கேன். ஏரியா, லீக் ஆகிற இடத்தோட போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க" போதும். பேட்டரி செட்டிங்ல அந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. இல்லேன்னா ஸ்கிரீன் அணைஞ்ச கொஞ்ச நேரத்துல போனே அதை நிறுத்திடும்.

பதில் 2: வாட்ஸ்அப் பிசினஸ்ல தானா போற பதிலான அவே மெசேஜை நம்பாதீங்க. மெசேஜ் போட்டவங்களுக்குத்தான் அது போகும், சிம்ல வந்த காலுக்கு இல்ல.

பதில் 3: கால் நிறைய வந்தா ஐவிஆர் நம்பர்தான் சரி. அதுல பதிவு செஞ்ச குரல் பேசி, பட்டனை அழுத்தச் சொல்லும். போன் செட்டிங்ல கால் ஃபார்வர்டிங் போய் 'பிஸி', 'எடுக்காதபோது', 'தொடர்பில் இல்லாதபோது' மூணுக்கும் தனித்தனியா அந்த நம்பரைப் போடணும். 'எப்போதும்'ல போட்டுட்டா உங்க போன் அடிக்கவே அடிக்காது. ரெண்டு சிம்னா எந்த சிம்னு பாத்துக்குங்க. ஃபார்வர்ட் ஆகிற கால் உங்க அவுட்கோயிங் கணக்குல வரும். *401# அடிச்சு ஃபார்வர்ட் பண்ற வழியை 2024 ஏப்ரல் 15லிருந்து நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு. முன்பின் தெரியாத யாராவது அதை அடிக்கச் சொன்னா மோசடிதான்.

பதில் 1 சொன்னவர் மறுபடி: ஐவிஆர்ல மெனு அடுக்காதீங்க அண்ணே. "1 அவசரம், 2 மத்தது", அவ்வளவுதான். நீளமா பேசினா கட் பண்ணிடுவாங்க.