கை அல்ல, கைக்குழி: தைக்கக் கொடுத்த இடத்தில் கண்டவை

வடசேரியிலிருந்து ஒருவர்:

உறவினர் திருமணத்துக்காகத் தைத்து வாங்கிய பட்டு ரவிக்கை, கையை உயர்த்தும்போதெல்லாம் இடுப்பை விட்டு மேலே ஏறியது. "கை பிடிக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் கையின் பக்கத் தையலைத்தான் பிரித்து விடுவார்கள். எங்கள் தெருவில் தைக்கும் அக்கா அதைத் தொடவே இல்லை. என்னை அணிந்து நிற்கச் சொல்லி, அக்குளுக்கும் தையலுக்கும் நடுவே இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்துவிட்டு, "கை சரியாத்தான் இருக்கு மக்களே, கைக்குழிதான் இறங்கிக் கிடக்கு" என்றார்.

கையைப் பொருத்தும் வளைவான கைக்குழி அக்குளை விட்டு அதிகம் இறங்கினால், கையை உயர்த்தும்போது பக்கத்துணியும் அதனுடனேயே இழுபடும் என்பதால், அதை மேலும் வெட்டி அகலமாக்கினால் குறை கூடத்தான் செய்யும் என்று அவர் விளக்கினார். கையைக் கழற்றி, ஷோல்டர் தையலைப் பிரித்துச் சற்று உள்ளே பிடித்து, மீண்டும் கையைப் பொருத்திக் கொடுத்தார். கழுத்து சிறிது மேலேறியதைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. கழுத்தோரம் சுருங்காமல் படிய, அங்கே வைத்துத் தைக்கும் பட்டியை நேர்த்துணியில் வெட்டாமல் கிராஸ் பீஸாக, அதாவது துணியின் சாய்வாக்கில், வெட்ட வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தைக்கக் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் கைக்குழி, பட்டி, உடல் வடிவுக்காகப் பிடிக்கும் டாட் என்று இடத்தைச் சுட்டிக் கேட்கப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தக்கலையிலிருந்து ஒருவர்:

தையலே இல்லாத முண்டும் நேரியதும் வாங்கும்போதும் இதே தெளிவு வேண்டும். இடுப்பில் உடுத்துவது முண்டு. ஒரு முனையை இடுப்பில் செருகி, மறுமுனையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து இடத்தோளில் இடுவது நேரியது. மார்பையும் தோளையும் மூடும் துணி இந்த மண்ணில் எளிதாகக் கிடைத்ததன்று. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி அளித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற தடையை விட்டுவைத்தது. எங்கள் பாட்டி இதைச் சொல்லாமல் நேரியதை எடுத்துத் தந்ததே இல்லை.

சென்ற ஓணத்துக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், "கரை வைத்தது" என்று மட்டும் கேட்ட என் மகளிடம், சரிகை நெய்த கசவுக் கரையா, கலர்க் கரையா, எத்தனை விரல் அகலம் என்று கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். முண்டின் கரையும் நேரியதின் கரையும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா என்று இரண்டையும் விரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகே நாங்கள் பணம் கொடுத்தோம்.