வெளியூரில் சார்ஜ் போட்ட கதைகள்: கன் இருந்தும் கரண்ட் ஏறாத நேரங்கள்

மலைக்கோட்டை:

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நாம் எல்லோரும் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) கணக்கைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். வீட்டில் பிளக் பாயிண்ட் இருப்பவருக்கு ஊருக்குள் ஓட்டுவதில் ஒரு கவலையும் இல்லை. ஊர் விட்டு ஊர் போகும்போதுதான் கதை தொடங்குகிறது. அவரவர் பட்டதை இங்கே எழுதுங்கள். ஒரே வேண்டுகோள், நிறுவனப் பெயர் வேண்டாம். ஒரே நிறுவனத்தின் நிலையம் ஒரு ஊரில் பளிச்சென்று இருக்கும், அடுத்த ஊரில் பாழடைந்து கிடக்கும். பெயரைச் சொல்லிச் சண்டை போட்டால் இழை அங்கேயே முடிந்துவிடும்.

நான் தொடங்குகிறேன். என்னுடையது 30.2 யூனிட் பேட்டரி உள்ள பழைய நெக்ஸான். விளம்பரத்தில் 312 கிலோமீட்டர். ஏசி போட்டு நாற்கர சாலையில் 90-ல் போனால் 200 வந்தால் பெரிய விஷயம். சென்னையிலிருந்து திருச்சி 330 என்பதால் நடுவில் ஒருமுறை போட்டே ஆகவேண்டும். விழுப்புரம் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினேன். செக்யூரிட்டி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "ரிப்பேர் சார், காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாம் திரும்பிப் போறாங்க" என்றார். ஸ்கிரீனில் வெயில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கையால் மறைத்துப் பார்த்தால், அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர் பக்கவாட்டில் காளான் மாதிரி சிவப்பாக ஒன்று இருக்குமே, அதுதான். எந்தக் குழந்தையோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறது. வலப்பக்கம் திருகினால் வெளியே வந்துவிடும். திருகினேன், சார்ஜர் உயிர் பெற்றது. காலையிலிருந்து திரும்பிப் போனவர்களை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. செக்யூரிட்டிக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நான் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

நொய்யல்:

அண்ணே, உங்களுக்கு வெயில், எனக்குப் பாதாளம். கோவையில் ஒரு வணிக வளாகம். சார்ஜர் இரண்டாவது அடித்தளத்தில். கன் (சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் பிளக்) சொருகியாயிற்று, செயலியைத் திறந்தால் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. செயலி இல்லாமல் சார்ஜர் கிளம்பாது. படியேறி மேலே வந்து, ஓடிபி வாங்கி, வாலட்டில் பணம் போட்டு, 'தொடங்கு' அழுத்தினால், கன் சொருகி அதிக நேரம் ஆகிவிட்டது, எடுத்து மறுபடி சொருகு என்கிறது. மறுபடி கீழே ஓட்டம். கடைசியில் மனைவியைக் கன் பக்கத்தில் நிற்கவைத்து, நான் மாடிப்படியில் நின்று கத்தித்தான் வேலை நடந்தது.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். யூனிட் 20 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 23 ரூபாய் 60 காசு. வளாகத்தில் பார்க்கிங் கட்டணம் தனி. வண்டி வாங்கும்போது 5 சதவீத வரிதான், சார்ஜ் போட்டால் 18 என்பது என்ன கணக்கோ. அப்புறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் ஒரு வாலட். என் போனில் ஏழெட்டு வாலட்டில் ஐம்பது, நூறு என்று சில்லறை தூங்குகிறது. யூபிஐயில் டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்க முடிகிற ஊரில் இதற்கு மட்டும் ஏன் முன்பணம் என்று புரியவில்லை.

தாமிரபரணி:

ஆண்கள் எழுதுவதில் ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவில் நானும் என் மகளும் மட்டும். கோவில்பட்டி தாண்டுவதற்குள் போட்டுவிடலாம் என்று ஒரு நிலையத்தைக் குறித்து வைத்திருந்தேன். செயலியில் 24 மணி நேரம் என்று இருந்தது. போனால் ஓட்டல் மூடியிருக்கிறது, வாசலில் குறுக்கே சங்கிலி, சார்ஜர் உள்ளே பின்பக்கம், அங்கே ஒரு விளக்குகூட இல்லை. ஹாரன் அடித்ததும் வாட்ச்மேன் தாத்தா எழுந்து வந்து சங்கிலியை அவிழ்த்தார். நல்ல மனிதர், "உள்ளயே உக்காந்துக்கோம்மா, கதவப் பூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இருந்தாலும் முக்கால் மணி நேரம் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தது இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

சார்ஜர் எத்தனை கிலோவாட், அதாவது எவ்வளவு வேகம் என்பதை நான் இப்போது இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். வெளிச்சம், கழிப்பறை, ஆள் நடமாட்டம், இந்த மூன்றும் இருந்தால் மெதுவான சார்ஜரே போதும். ராத்திரி என்றால் போன் போட்டுக் கேட்காமல் கிளம்புவதில்லை.

ரன்னிமேடு:

ஊட்டி போகிறவர்களுக்காக. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான் என்று நினைக்காதீர்கள். ஏற்றம் ஏறத்தாழ 1,900 மீட்டர். நான்கு பேரும் பெட்டிகளுமாக வண்டி ஒன்றேமுக்கால் டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்க மட்டுமே 9 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும், வழக்கமாகச் சாலையில் ஓடும் செலவையும் சேர்த்தால் 16, 17 யூனிட் போய்விடும். சின்ன பேட்டரி வண்டியில் பாதிக்கு மேல் காலி. மேட்டுப்பாளையத்திலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

மேலே விடுதியில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நாங்களும் அப்படித்தான். அறைக்கு வெளியே 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருந்தது. வண்டியோடு வரும் சார்ஜர் பெட்டியைச் சொருகினால் சிவப்பு விளக்கு. வேறு பாயிண்ட், அங்கும் சிவப்பு. மேனேஜர் வந்து, "டிவி ஓடுது, ஹீட்டர் ஓடுது, உங்க வண்டிக்கு மட்டும் என்ன கேடு?" என்றார். எர்த் இல்லை என்று சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து அறைக்காரர் ஒருவர், எர்த் இருப்பதாக வண்டியை ஏமாற்றும் ஒரு பிளக் வைத்திருப்பதாகச் சொன்னார். தயவுசெய்து அதை யாரும் தொடாதீர்கள். மழையில் நனைந்த வண்டியின் கதவைப் பிடிக்கும்போது ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு விளக்கே. கடைசியில் சமையலறைக்குப் பின்னால் மாவு அரைக்கும் கிரைண்டருக்காகப் போட்ட லைனில் எர்த் சரியாக இருந்தது. இரவு முழுக்க அதில் ஏறியது.

இன்னொன்று, மலைமேல் 100 வரை ஏற்றாதீர்கள். இறங்கும்போது பிரேக் பிடித்தால் பேட்டரிக்குத் திரும்ப வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது, முழு பாரமும் பிரேக் மேலேயே விழும். 80 வைத்துக்கொண்டு இறங்கினால் குன்னூர் தாண்டும்போது சதவீதம் கூடிக்கொண்டே வரும். அதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

தம்பி எர்த் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஹீட்டர் எர்த் இல்லாமலும் ஓடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலை சார்ஜர்கள் ஏன் சொன்ன வேகத்தில் தருவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். 60 கிலோவாட் என்பது, தலா 5 கிலோவாட் இணைப்புள்ள 12 வீடுகளின் மொத்தச் சுமை. கிராமத்து டிரான்ஸ்பார்மர் பல இடங்களில் 63 அல்லது 100 கேவிஏதான் (ஏறத்தாழ கிலோவாட் மாதிரியான அளவு). அதில் இரண்டு சார்ஜரை மாட்ட முடியாது, தனி டிரான்ஸ்பார்மர் போடவேண்டும். சில இடங்களில் செலவுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு கன் உள்ள சார்ஜரில் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்தாலும் 60 என்பது பாதியாகும். கரண்ட் போனால் ஓட்டல் ஜெனரேட்டரில் விளக்கு எரியும், சார்ஜர் பெரும்பாலும் அந்த லைனில் இருக்காது. செயலியில் 'டிசி' (நேர்மின்னோட்டம்) என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பழைய 15 கிலோவாட் பாரத் டிசி கன்னாக இருந்தால் சிசிஎஸ்-2 என்ற வகை சாக்கெட் உள்ள இன்றைய வண்டிகளில் அது நுழையவே நுழையாது.

அரசாங்கம் நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வழிகாட்டுதல் போட்டது. 2023-ல் எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 வேக சார்ஜர்களுக்கு 800 கோடி ஒதுக்கினார்கள். 2024-ல் பிஎம் இ-டிரைவ் என்ற மின்வாகனத் திட்டத்தில் நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும் 22,100 என்று இலக்கு. எல்லாமே எத்தனை நட்டோம் என்கிற கணக்கு. டிரிப் ஆனதைத் தூக்கிவிட ஆள் வைப்பது எந்தக் கணக்கிலும் பெரிதாக வருவதில்லை. பூட்டிய பெட்டிக்குள் எம்சிபி (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்து கிடக்கும், சாவி வேறு ஊரில் இருக்கும். நான் வேலையில் இருந்த காலத்து வியாதிதான் இது, புதிதில்லை.

வண்டிக்காரன்:

நான் சென்னையில் மின்சாரக் கால்டாக்சி ஓட்டுகிறேன். எங்களைத் திட்டி நிறையப் படித்திருக்கிறேன், டாக்சிக்காரன் கன்னைப் பிடித்தால் விடமாட்டான் என்று. நியாயம்தான் சார், 80-க்கு மேல் ரொம்ப மெதுவாக ஏறும், அந்தக் கடைசி இருபதுக்குப் பின்னால் நிற்பவர்கள் காத்துக்கிடக்கிறார்கள். ஆனால் எங்கள் நிலைமையையும் கேளுங்கள். வாடகை வீடு, சந்துக்குள் கார் வராது, வீட்டு ஓனர் பிளக் பாயிண்ட் தரமாட்டார். எனக்கு நிலையம்தான் வீடு. 80-ல் எடுத்தால் சாயங்காலம் ஏர்போர்ட் சவாரி கிடைத்தாலும் எடுக்க முடியாது. சார்ஜ் ஏறும் நேரம்தான் நாங்கள் சாப்பிடுகிற, தூங்குகிற நேரமும்.

இப்போது நாங்களே ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். போன் நம்பர் எழுதிய அட்டையைக் கண்ணாடியில் வைத்துவிடுவோம். அவசரமாகக் குடும்பத்தோடு வந்தவர் கூப்பிட்டால் 80-ல் எடுத்துவிட்டு, அவர் போனதும் மறுபடி போட்டுக்கொள்வோம். கூப்பிடாமல் வீடியோ எடுத்துப் போடுகிறவர்களிடம்தான் வருத்தம். பெட்ரோல் காரைச் சார்ஜர் முன்னால் நிறுத்திவிட்டு ஷாப்பிங் போகிறவர் அட்டையும் வைப்பதில்லை, அவரை யாரும் வீடியோவும் எடுப்பதில்லை.

தாமிரபரணி:

அட்டை யோசனை நன்றாக இருக்கிறது அண்ணா. நானும் ஒன்று எழுதி வைக்கிறேன்.

மலைக்கோட்டை:

பொறியாளர் ஐயா சொன்னதை வைத்து ஒன்று செய்யலாமா? நிலையம் பற்றி எழுதும்போது அங்கே எம்சிபி பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது, செக்யூரிட்டியா, மேனேஜரா, யாருமே இல்லையா என்பதையும் எழுதுங்கள். அவர்கள் நம்பரைப் பொதுவில் போடவேண்டாம், கேட்பவர்களுக்குத் தனிச்செய்தியில் கொடுக்கலாம். அடுத்த வாரம் திண்டுக்கல், தேனி வழியாகக் குமுளி போகிறேன். கம்பம் பக்கம் அண்மையில் போட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்:

தேனியில் போன மாதம் போட்டேன் அண்ணே, பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டலில். சாவி மேனேஜரிடம், மதியம் இரண்டிலிருந்து நான்குவரை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அதற்கு முன்னால் போய்ச் சேருங்கள்.