பட்டறைக் குடும்பம் குழு: பெங்களூர் போவதா, வேண்டாமா?

செவ்வாய், இரவு

பாலா அண்ணன்: எல்லோரும் பாருங்கள். பெங்களூரில் இந்தியாவுட் வருகிறது, அதுதான் அந்த மரவேலை மெஷின் கண்காட்சி. பலகை ஓரத்தில் டேப் ஒட்டுகிற எட்ஜ் பேண்டிங் மெஷின் இந்த வருஷம் எடுத்தே ஆக வேண்டும், கையால் ஒட்டித் தேய்த்து மாளவில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

தினேஷ்: இதற்கு எதற்கு அண்ணா பெங்களூர் வரைக்கும்? எல்லா மெஷினும் யூடியூபில் ஓடுகிறது. விலை தெரிய வேண்டுமென்றால் ஒரு மெசேஜ் போட்டால் போதும். அப்புறம் நாம் வேண்டாம் என்றாலும் கம்பெனிக்காரர்கள் விடமாட்டார்கள்.

செல்வி அக்கா: போன தடவை போய் வந்ததில் மூன்று பை கேட்லாக் வந்தது. அது பழைய பேப்பர்காரரிடம் போனது. அந்தப் பயணத்தில் கணக்கில் ஏறிய ஒரே வரவு அதுதான்.

பாலா அண்ணன்: கதவு சத்தமில்லாமல் மெதுவாக மூடுகிற சாஃப்ட் குளோஸ் கீலை முதன்முதலில் கையால் திறந்து மூடிப் பார்த்தது அங்கேதான் செல்வி. இன்றைக்கு அது இல்லாமல் ஒரு கிச்சன் ஆர்டர் வருகிறதா?

செல்வி அக்கா: அது இப்போது மதுரையிலேயே கடைக்குக் கடை தொங்குகிறது.

தினேஷ்: அதைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பார்க்க வேறு வழி இல்லை. இப்போது ஜெர்மனியில் காலையில் காட்டினால் மாலையில் நம் போனில் இருக்கிறது. இதைப் பாருங்கள்.

தினேஷ்: [வீடியோ]

தினேஷ்: சாஸ்டாப், விரல் பட்டால் நின்றுவிடுகிற மேஜை ரம்பம். ஓடுகிற பிளேடில் விரலுக்குப் பதில் சாசேஜைத் தொட வைக்கிறார்கள், 5 மில்லி வினாடிக்குள் பிளேடு நின்றுவிடுகிறது. அந்தப் பிளேடும் பிரேக்கும் அதோடு காலி, மாற்ற வேண்டும். ஃபெல்டர் மெஷின் கம்பெனிக்காரர்கள் ஜெர்மனி ஹானோவரில் நடக்கிற லிக்னா கண்காட்சியில் 2019-இல் காட்டியது இன்னும் ஒரு படி மேலே. கை பக்கத்தில் வரும்போதே பிளேடு கீழே இறங்கிவிடும், எதுவும் சேதமாகாது. ஹானோவருக்குப் போகாமலே இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பெரியப்பா: என் இடது கை ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தால் லைக் போட்டிருப்பேன் தம்பி.

தினேஷ்: 🙏

கோவை மாமா: இப்போதுதான் பார்த்தேன். பெரிய கூட்டமே நடக்கிறதே.

கோவை மாமா: பாலா, பலகை அறுக்கிற என் பேனல் சா மெஷின் கதை உனக்குத் தெரியும். தினேஷுக்குத் தெரியாது. பல வருஷம் முன்னால் ஒரு கண்காட்சியில் வாங்கினேன். வெள்ளை பேனலை வெட்டிக் காட்டினார்கள், ஓரத்தில் ஒரு சில்லு கூடப் போகவில்லை. “கண்காட்சி விலை சார், இன்று மாலையோடு முடிகிறது” என்றார் அந்தப் பையன். 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு பெரிதாகச் சாதித்த மாதிரி பஸ் ஏறினேன்.

கோவை மாமா: இரண்டாவது மாதம் ஸ்கோரிங் மோட்டார் போனது, ஓரம் சில்லு போகாமல் முன்கூட்டிக் கீறுகிற சின்ன பிளேடின் மோட்டார். போன் போட்டால் அந்தப் பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஸ்பேர் சீனாவிலிருந்து வர 45 நாள். அதுவரை உங்கள் அத்தை அதன் மேல் வடகம் காயப்போட்டாள்.

தினேஷ்: பார்த்தீர்களா. மாமாவே சொல்லிவிட்டார், போக வேண்டாம் என்று.

கோவை மாமா: நான் எங்கே மாப்பிள்ளை அப்படிச் சொன்னேன்? போனது தப்பில்லை. அவன் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்தேன் பார், அதுதான் தப்பு.

கோவை மாமா: அங்கே எட்ஜ் பேண்டரில் எதை ஓட்டுவார்கள்? பார்ட்டிகிள் போர்டு, இல்லையென்றால் எம்டிஎஃப். தொழிற்சாலையில் அழுத்தி வந்த சரக்கு, எங்கே அளந்தாலும் ஒரே கனம். நாம் அடிப்பது பிளைவுட். 18 எம்எம் என்று முத்திரை இருக்கும். காலிப்பர் வைத்தால் ஒரு மூலை 17.4, இன்னொரு மூலை 18.1. நடு அடுக்கில் ஓட்டை வேறு. வெளிப்பக்கம் 1 எம்எம், உள்பக்கம் 0.8 எம்எம் லேமினேட்டை நாமே ஒட்டுகிறோம், பிசின் மேடு பள்ளம் அதில் தனி. அந்த மெஷின் நம் பலகையில் என்ன செய்யும் என்று எந்த யூடியூபிலும் வராது. ஸ்டாலிலும் தானாக வராது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வரும்.

பாலா அண்ணன்: நம் பலகையை ஓட்டித் தருவார்களா மாமா?

கோவை மாமா: முதலில் சிரிப்பார்கள். வாங்குகிற ஆள் என்று தெரிந்தால் தருவார்கள். முதல் நாள் போகாதே, கடைசி நாளும் போகாதே. காலையில் கதவு திறந்ததும் நேராக அந்த ஸ்டால். பத்தரைக்கு மேல் காலேஜ் பிள்ளைகள் பை வாங்க வந்துவிடுவார்கள், அப்புறம் உன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செல்வி அக்கா: பிள்ளைகள் மட்டும்தான் பை வாங்குகிறார்களா?

பெரியப்பா: உளி வாங்கப் போனால் கூட ஒரு கட்டையில் நாலு சீவல் சீவிப் பார்த்துத்தான் காசு கொடுப்போம். இவ்வளவு பெரிய மெஷினைப் படத்தில் பார்த்து எப்படிடா வாங்குவீர்கள்?

தினேஷ்: அதற்குக் கண்காட்சிதான் வேண்டும் என்று இல்லையே பெரியப்பா. மெஷின் செய்கிற பீஸ்ஸே கம்பெனியின் தொழிற்சாலையே பெங்களூரில் இருக்கிறது. ஷோரூமில் போய் நிதானமாக உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம். கூட்டம் இல்லை, பை இல்லை.

நான்: அவன் சொல்வதும் சரிதான். லிக்னாவே 2021-இல் நடக்கவில்லை, ஆன்லைனில் முடித்தார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா ஐடபிள்யூஎஃப் கண்காட்சி 2020-இல் ரத்து. அதனால் உலகத்தில் யாரும் மெஷின் வாங்காமல் இருந்துவிடவில்லை.

கோவை மாமா: அப்புறம் 2023 மே மாதம் மறுபடி ஹானோவரில் ஏன் கூடினார்கள் மருமகனே?

நான்: விற்கிறவர்களுக்கு அது தேவை மாமா. வாங்குகிறவர்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

கோவை மாமா: நல்ல கேள்வி. ஷோரூமில் ஒரு கம்பெனி மெஷின்தான் இருக்கும். நாலு கம்பெனியைச் சுற்ற உனக்கு நாலு நாள். அங்கே அடுத்தடுத்த ஸ்டால். இவன் குறையை அவன் சொல்வான், அவன் குறையை இவன் சொல்வான். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

கோவை மாமா: இன்னொன்று. 2020-இல் பிப்ரவரி கடைசியில் நடந்ததே இந்தியாவுட், அதற்குப் போனேன். மூன்று வாரத்தில் ஊரடங்கு. அந்த நாலு மாதம் என் பட்டறை மெஷினை போனிலேயே சொல்லிச் சொல்லி ஓட வைத்தது யார் தெரியுமா? அங்கே டீ வரிசையில் பழக்கமான ஒரு ஃபிட்டர். சேல்ஸ் ஆள் கார்டு பத்து இருந்தது, ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

செல்வி அக்கா: சரி, என் பங்குக்கு. ப்ரீமில்லிங், அதாவது டேப் ஒட்டும் முன் பலகை ஓரத்தைச் சீவிச் சமன் செய்வது, வைத்த மெஷின் என்றால் விலை 9 லட்சம் என்று பாலா அண்ணன் சொன்னார். மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,62,000. அதை வரிக் கணக்கில் திரும்ப எடுக்கலாம், ஆனால் முதலில் நம் கையிலிருந்துதான் போகும். அங்கே போய் யாரும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பேங்க் கார்டை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

பாலா அண்ணன்: அப்போது போகச் சொல்கிறாயா?

செல்வி அக்கா: 10 லட்சத்துக்கு மேல் செலவு, பார்த்து வர ஆளுக்கு 2,000. போய்த் தொலையுங்கள். தினேஷையும் கூட்டிப் போங்கள், வாயாவது ஓயும்.

பெங்களூர் அத்தை: எல்லோரும் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். ஹோட்டல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முன்பு மாதிரி தும்கூர் ரோட்டில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து பச்சை மெட்ரோ மாதவாரா வரை போகிறது, கண்காட்சி இருக்கிற இடத்துக்கே. மெஜஸ்டிக்கில் ஏறினால் நடுவில் இறங்கி மாற வேண்டியதே இல்லை.

பெரியப்பா: நானும் வருகிறேன்.

பாலா அண்ணன்: அப்பா, நாள் முழுக்க நடக்க வேண்டும். முட்டி?

பெரியப்பா: முட்டி என்னுடையதுதான்.

வியாழன், இரவு

நான்: என்னென்ன எடுத்திருக்கிறீர்கள்?

பாலா அண்ணன்: நம் பலகையில் ஒன்றரை அடி நீளத் துண்டு எட்டு. நல்லது நாலு, வேண்டுமென்றே பொறுக்கிய மோசமானது நாலு. 22 எம்எம் டேப் ஒரு சுருள், காலிப்பர். ரயிலில் பக்கத்து சீட்காரர் நாங்கள் கதவு மாட்டப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளி, பகல்

தினேஷ்: உள்ளே வந்தாச்சு. பெரியப்பா முதல் ஹாலிலேயே நின்றுவிட்டார், கம்ப்யூட்டரில் ஓடுகிற ஐந்து அச்சு சிஎன்சி மெஷின் சிங்க முகம் செதுக்குகிறது.

நான்: என்ன சொல்கிறார்?

தினேஷ்: “பிடரி சரியில்லை” என்கிறார்.

பாலா அண்ணன்: முதல் ஸ்டாலில் பலகையைக் கொடுத்தேன். பசைச் சட்டி சூடாகவில்லை, அரை மணி கழித்து வாருங்கள் என்றார்கள். அரை மணி கழித்துப் போனால் மேனேஜர் இல்லை. அதோடு விட்டேன்.

பாலா அண்ணன்: இரண்டாவது ஸ்டாலில் எட்டையும் ஓட்டினார்கள். சூடாக்கி ஒட்டுகிற பசையில் இரண்டு வகை, ஈவிஏ பசையில் நாலு, பியூஆர் பசையில் நாலு. நல்ல துண்டெல்லாம் கண்ணாடி மாதிரி வந்தது. மோசமானதில் இரண்டில் நடு அடுக்கு ஓட்டை இருந்த இடத்தில் டேப் உள்ளே குழிந்துவிட்டது. ஓட்டின ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார்: “இதற்கு மெஷின் மாற்றாதீர்கள் அண்ணா, பிளைவுட் கடையை மாற்றுங்கள்.”

கோவை மாமா: அந்த ஆள் நம்பரை வாங்கு. மேனேஜர் நம்பர் இல்லை, அந்த ஆள் நம்பர்.

பாலா அண்ணன்: வாங்கியாச்சு மாமா. தர்மபுரிக்காரர்.

தினேஷ்: ஸ்டாலில் ஒரு சேலம்காரர் எங்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து பேசினார். இதே மெஷின் ஒன்றரை வருஷமாக வைத்திருக்கிறாராம். பியூஆர் போட்டால் வேலை முடிந்ததும் சட்டியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், காற்று ஈரம் பட்டு உள்ளேயே கெட்டியாகிவிடும், ஒரு நாள் மறந்ததற்குத் தனக்குச் சட்டியே போனது என்றார். எந்த வீடியோவிலும் இதை இப்படி யாரும் சொல்லவில்லை.

செல்வி அக்கா: தினேஷ், கடைசி வரியை இன்னொரு தடவை அனுப்பு. சேமித்து வைக்கிறேன்.

தினேஷ்: அக்கா!

பாலா அண்ணன்: திரும்பும்போது சேலத்தில் இறங்கி அவர் பட்டறையைப் பார்த்துவிட்டு வருகிறோம். அவரே கூப்பிட்டார். அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை.

கோவை மாமா: கண்காட்சி விலை இன்று மாலையோடு முடிகிறது என்று சொன்னார்களா?

பாலா அண்ணன்: மூன்று ஸ்டாலில்.

ஞாயிறு, காலை

நான்: எல்லோரும் வந்து சேர்ந்தாச்சா? பெரியப்பா முட்டி எப்படி இருக்கிறது?

பாலா அண்ணன்: அவர் அடுக்களையில் இருக்கிறார். எட்டுத் துண்டிலும் ஒரு முனையை அறுத்து வெந்நீரில் கொதிக்கப் போட்டிருக்கிறார்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: அரை மணி. ஈவிஏ நாலும் நகத்தால் இழுத்தால் உரிந்து வருகிறது. பியூஆர் நாலும் அசையவில்லை. சிங்க் பக்கத்துப் பலகைக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சேலத்துக்காரர் பட்டறையில் சட்டி கழுவுவதையும் பார்த்தேன், அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் மறக்காத ஆள் வேண்டும்.

செல்வி அக்கா: அப்போது தினேஷ் கிடையாது.

தினேஷ்: 😐

பெரியம்மா: சாம்பார் வைக்கிற குண்டானில் பசை மிதக்கிறது. அதை அப்படியே பட்டறைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். செல்வி, புதுக் குண்டானையும் மெஷின் கணக்கில் எழுது.